ரோபோ பொம்மைகளுக்கு மறுவண்ணம் பூசுதல்

ரோபோ பொம்மைகளுக்கு மறுவண்ணம் பூசுதல் என்பது, கடையில் வாங்கிய ரோபோ பொம்மையின் தொழிற்சாலை நிறத்தை மாற்றி, அதனைப் பயன்பாட்டில் உள்ள உண்மையான உலோக இயந்திரம் போலத் தோன்றச் செய்யும் ஒரு பொழுதுபோக்குக் கைவினை ஆகும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வகைப் பொம்மைகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. சேகரிப்பாளர்களிடையே மறுவண்ணம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: ஒரே அச்சில் வார்த்த பொம்மையை நிறுவனமே வேறு நிறத்திலும் வேறு பெயரிலும் விற்பது. 1984 இல் ஹாஸ்புரோ வெளியிட்ட ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் ஆகிய மூன்று பொம்மைகளும் ஒரே அச்சில் உருவானவையே. இக்கட்டுரை, பொம்மையை வாங்கியவர் தாமே பூசுவதைப் பற்றியது.

பின்னணி

தொழிற்சாலையில் பொம்மையின் பெரும்பகுதிக்கு வண்ணம் பூசப்படுவதில்லை; நிறமி கலந்த நெகிழியே அதன் நிறமாக அமைகிறது. பூச்சு ஒவ்வொன்றும் செலவைக் கூட்டுவதால் முகம், சின்னம் போன்ற சில இடங்களோடு அது நின்றுவிடுகிறது. உடல் முழுவதும் ஒரே சீரான பளபளப்புடன் இருப்பதாலேயே அது பொம்மை என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

அழுக்கும் கீறலும் படிந்த இயந்திரமே நம்பத்தக்கது என்ற எண்ணத்தைத் திரையில் நிலைநாட்டியதில் 1977 இல் வெளியான ஸ்டார் வோர்ஸ் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டு வரும் கண்டம் ரோபோ மாதிரிகளும் இக்கைவினையை வளர்த்தன. கையாளப்படும் நுட்பங்களிற் பல, கவச வாகன மாதிரிகள் செய்வோரிடமிருந்து பெறப்பட்டவை.

நெகிழியும் மூட்டுகளும்

காட்சிக்கு மட்டும் வைக்கும் மாதிரியை விட, அசையும் பொம்மைக்கு வண்ணம் பூசுவது கடினம். இரு பாகங்கள் உரசும் இடத்தில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. இரு பரப்புகளிலும் பூச்சு ஏறினால் மூட்டு இறுகும். வலிந்து திருப்பினால் வண்ணம் உரிந்து வரும், சில வேளைகளில் மூட்டே முறியும். எனவே உரசும் பரப்புகளை உப்புத்தாளால் சிறிது தேய்த்துவிடுவர், அல்லது பூசாமலே விடுவர்.

பொம்மைகளின் கடினமான பாகங்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். நெகிழியால் ஆனவை. திருகாணியோ ஊசியோ இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் எனாமல் கரைப்பான் ஊடுருவினால் இந்நெகிழி வெடித்துவிடும். விரிசல் சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். அதனைச் சரிசெய்வது அரிது. இதனாலேயே நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. மென்மையான பி.வி.சி. பாகங்களில் சில வண்ணங்கள் காயாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மூட்டுகளில் பயன்படும் அசிட்டால், நைலான் ஆகியவற்றில் வண்ணம் நன்கு ஒட்டுவதில்லை.

செய்முறை

திருகாணிகளைக் கழற்றிப் பாகங்களைப் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசையும் கைரேகையும் நீங்காவிடில் வண்ணம் பிடிக்காது. பின்னர் அடிப்பூச்சும், அதன்மேல் மெல்லிய வண்ணப் பூச்சுகளும் இடப்படும். ஒரு தடித்த பூச்சு செதுக்கு விவரங்களை மூடிவிடும். பல மெல்லிய பூச்சுகளே சிறந்தவை.

அடுத்து, நீர்த்த கருமை அல்லது பழுப்பு வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேற்பரப்பில் உள்ளதைத் துடைத்தெடுப்பர். இதனால் பாகங்களின் விளிம்புக் கோடுகள் தெளிவாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளி நிறம் தொட்டு முனைகளில் மெல்லத் தேய்த்தால், வண்ணம் தேய்ந்து உலோகம் வெளிப்பட்டது போலிருக்கும். சிறு சிராய்ப்புகளுக்கு நுரைப்பஞ்சுத் துண்டு போதும். இறுதியில் பளபளப்பற்ற மேற்பூச்சு இடப்படும். நேரம் குறைவாக உள்ளவர் இந்த மேற்பூச்சை மட்டும் இட்டாலும் பொம்மையின் தோற்றம் வியக்கத்தக்க அளவு மாறும்.

தேய்மானத்தின் அளவு

புதியவர்கள் பொதுவாகக் கீறல்களை மிகுதியாகவும் பெரிதாகவும் இட்டுவிடுகின்றனர். 8 மீட்டர் உயரமுள்ளதாகக் கருதப்படும் ரோபோவின் பொம்மை 20 செ.மீ. உயரமெனில், அதன் அளவு விகிதம் 1:40 ஆகும். அப்பொம்மையில் இடும் 1 மி.மீ. அகலக் கீறல், உண்மை இயந்திரத்தில் 4 செ.மீ. அகலக் காயம் ஆகிவிடும். கீறல் எங்கே விழ வேண்டும் என்பதற்கும் காரணம் தேவை. பாதம், முழங்கால், விரல் நுனி, கதவு விளிம்பு ஆகியவை தேயும். அக்குளின் உட்புறம் தேயாது, அங்கே அழுக்கே சேரும். துரு நீர் வடியும் திசையில் இறங்கும். வாகனமாக மாறும் பொம்மையில் எந்த நிலைக்கு ஏற்ப அழுக்கு வடிய வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

தெளிப்பு வண்ணங்களைக் காற்றோட்டமான இடத்தில், சுவாசக் கவசம் அணிந்து பயன்படுத்த வேண்டும். மாதிரிகளுக்கான வண்ணங்கள் யாவும் குழந்தைகளின் பொம்மைகளுக்குரிய பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்படுபவை அல்ல என்பதால், மறுவண்ணம் பூசிய பொம்மையை வாயில் வைக்கும் வயதுடைய குழந்தைகளிடம் மீண்டும் விளையாடக் கொடுத்தல் கூடாது. பழைய, அரிய பொம்மைகள் தொழிற்சாலை நிறத்தை இழந்தால் சேகரிப்பாளர் சந்தையில் அவற்றின் மதிப்பு பொதுவாகக் குறையும். ஆகையால் உடைந்த, பாகம் குறைந்த மலிவான பொம்மைகளிலேயே பலர் பயிற்சி பெறுகின்றனர்.