நீச்சற் போட்டிக்கு ஆயத்தமாதல்

நீந்துதல் என்னுஞ் சொல் நம் இலக்கிய பாடங்களிற் பெரும்பாலும் பிறவிக் கடலோடு சேர்ந்தே வருகின்றது. ஈண்டு நாம் கூறப்புகுவதோ, உண்மையான நீரிற் கையுங் காலுங் கொண்டு நீந்துவதைப் பற்றியேயாம். தமிழாசிரியருக்கு இதில் யாது வேலை என்று வினவுவோரும் உளர். வடகரையில் வாழ்வோர்க்கு அவ்வினா எழாது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிற் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் அதனை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். இத்தகைய கரையிற் பிறந்தும், நம் இளைஞர் பலர் நீச்சற் தடாகத்தில் ஐம்பது மீற்றர் செல்லுமுன்னரே களைத்துவிடுகின்றனர். ஏன்?

வலிமைக் குறைவு அதற்குக் காரணமன்று. கேணியிலும் கடலிலும் பழகியோர் தலையை நிமிர்த்தியே நீந்துவர். அலையையும் வள்ளத்தையும் பார்க்கவேண்டிய கடலில் அது தகும். போட்டியிலோ அதுவே தோல்விக்கு வித்தாகின்றது. தலை உயர இடுப்புங் காலுந் தாழும். தாழவே உடல் சரித்துப் பிடித்த பலகைபோல நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும். நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. வேகம் இருமடங்காகுங்கால் அதன் தடை ஏறக்குறைய நான்மடங்காகும். ஆதலின், புயவலியைப் பெருக்குவதினுந் தடையைக் குறைப்பதே முதற்கண் செய்யத்தக்கது.

கைகளை மாறிமாறி வீசி நீந்தும் முறையில் முகம் தடாகத்தின் அடியை நோக்கியிருத்தல் வேண்டும். மூச்செடுக்குங்கால் தலையை உயர்த்தாது, உடலோடு சேர்த்துப் பக்கமாகத் திருப்புதல் போதும். முகம் நீருள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிடல் வேண்டும். தொடக்கநிலை மாணாக்கர் மூச்சை அடக்கிச் சென்று, வாய் வெளிவந்த அச்சிறு கணத்திலேயே விடவும் எடுக்கவும் முயன்று திணறுவர். அவர்கள் களைப்பென்று கருதுவது பெரும்பாலும் இத்திணறலே. கையால் நீரைப் பற்றும்போது முழங்கை உயர்ந்து நிற்க, உள்ளங்கை மட்டுமன்றி முன்னங்கை முழுவதுந் துடுப்பாதல் வேண்டும். திரும்புங்கால் சுவரை உதைத்து, நீட்டிய கைகளுக்கிடையே தலையை ஒடுக்கி அம்புபோலச் செல்க. சுவரை உதைத்த வேகம் கைவீச்சினாற் கிட்டும் வேகத்தினும் மிகுந்தது. நம்மவர் அதனைப் பயன்படுத்தாது உடனே கைவீசத் தொடங்குவது பெரு நட்டம்.

பின்னாளில் டார்சன் படங்களில் நடித்த ஜோனி வைஸ்முல்லர், 1922இல் நூறு மீற்றரை 58.6 செக்கனில் நீந்தி, அத்தூரத்தை ஒரு நிமிடத்துள் முதன்முதற் கடந்தார். 2024இற் பாரிஸ் ஒலிம்பிக்கிற் சீனாவின் பான் ஜான்லே 46.40 செக்கனில் நீந்தினார். இடைப்பட்ட காலத்தில் மனித உடலமைப்பு மாறவில்லை. மாறியவை நீந்தும் முறையும், பயிற்சியும், தடாகத்தின் அமைப்புமே.

பயிற்சி என்பது களைத்து விழும்வரை நீந்துவதன்று. நூறு மீற்றரை எட்டு முறை, ஒவ்வொன்றின் பின்னும் இருபது செக்கன் ஓய்வோடு, ஒரே நேர அளவில் நீந்திப் பார்க்க. கரையில் ஒரு தோழர் கடிகாரத்துடன் நின்றாற் போதும். கைவீச்சுக்களையும் எண்ணுக. பிந்திய சுற்றுக்களில் எண்ணிக்கை மிகுந்தால் முறை குலைந்ததென்று அறிந்து நிறுத்துவது நன்று. குலைந்த முறையில் நீந்துவது குலைந்த முறையையே பழக்கும். போட்டிக்கு முந்திய நாள்களில் தூரத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் பேணுதல் வேண்டும்.

உணவைப் பற்றி நம் பெற்றோரிடையே ஓர் ஐயம் உண்டு: சைவ உணவு உண்போர் இத்துறையில் முன்னேற இயலுமா என்பது. 1956ஆம் ஆண்டு மெல்போண் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற அவுஸ்திரேலியராகிய மரே ரோஸ் மரக்கறி உணவினரே. சோறு, பிட்டு, இடியப்பம் ஆகியன உழைக்குந் தசைக்கு எரிபொருளாம். பயறு, பருப்பு, பால், தயிர் முதலியன தேய்ந்த தசையைச் சீர்செய்யும். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னரே உணவை முடித்து, பின்னர் வேண்டுமாயின் ஒரு வாழைப்பழம் உண்ணலாம். நீரினுள்ளும் உடல் வியர்க்கும். அது கண்ணுக்குத் தெரியாமையால் நீர் அருந்த மறத்தல் கூடாது.

கூறாது விடலாகாதது ஒன்றுண்டு. கேணியில் யார் நெடுநேரம் மூழ்கியிருப்பாரெனப் பந்தயம் பிடிப்பதும், அதற்கென விரைந்து விரைந்து பலமுறை மூச்சிழுப்பதும் நம் மாணாக்கரிடை வழக்கம். அவ்வாறு இழுப்பதால் இரத்தத்தில் ஒட்சிசன் பெரிதும் மிகுவதில்லை; காபனீரொட்சைட்டே குறைகின்றது. மூச்செடுக்கத் தூண்டுவது பின்னையதாதலின், அத்தூண்டல் வருமுன்னரே ஒட்சிசன் குன்றி அறிவு மயங்கிவிடும். முன்னறிகுறியொன்றும் இராது, நன்கு நீந்தவல்லாரும் இவ்வாறு இறந்திருக்கின்றனர். கரையில் நிற்போர் அவர் பந்தயத்தில் வெல்கின்றார் என்றே எண்ணி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பர். இவ்விளையாட்டைக் காணும் மூத்த மாணவர் அக்கணமே அதனை நிறுத்துவாராக.