விருந்தாளிகள் வரமுதல் வேலை முடியட்டும்: வீட்டிலேயே நாலு பலகாரம்

பிள்ளையின் பிறந்தநாள், குடிபூரல், தைப்பொங்கல், ஊரிலிருந்து வந்த மாமாவைப் பார்க்க ஆட்கள் வருவது என்று ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை சும்மா போவது அபூர்வம். இருபது பேர் வருகிறார்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இரண்டு வழிதான். ஒன்று, கடைக்கு போன் அடித்து றோல்ஸ் ஒரு ட்ரே, கட்லட் ஒரு ட்ரே என்று சொல்லுவது. மற்றது, எங்கட அம்மாமார் செய்த மாதிரி வெள்ளி இரவு தொடங்கி சனி இரவு வரை தாச்சிக்கு முன்னால் நிற்பது.

கடைப் பலகாரம் ருசிதான். நானும் வாங்குகிறேன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்த உறைப்பு கூட. உள்ளே என்னென்ன போட்டார்கள் என்பதும் தெரியாது. அலர்ஜி உள்ள பிள்ளை ஒன்று வந்தால் அது பெரிய விஷயம். அம்மாமாரின் வழிக்கும் ஒரு விலை இருந்தது. தொண்ணூறுகளில் எடுத்த பிறந்தநாள் படங்களைத் திறந்து பாருங்கள். கேக்குக்குப் பின்னால் அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். பாதிப் படங்களில் அம்மா இருக்கமாட்டார். அந்த நேரம் அவர் அடுத்த சுற்று வடை போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மென்பொருள் வேலை செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: வெள்ளிக்கிழமை பின்னேரம் புதிதாக எதையும் வெளியிடமாட்டோம். பிழைத்தால் திருத்த ஆள் இருக்காது. விருந்து நாளுக்கும் எங்கள் வீட்டில் அதே சட்டம்தான். அன்றைக்குப் புதிதாக வெட்டுவதில்லை, அரைப்பதில்லை, உருட்டுவதில்லை. சூடாக்குவதும் பொரிப்பதும் மட்டும்தான். அதோடு, பொரிக்கிற பலகாரம் ஒன்றுக்கு மேல் இல்லை.

எவ்வளவு வேணும்?

பின்னால் சாப்பாடு இருக்கிறது என்றால் பெரியவர் ஒருவருக்கு 3 அல்லது 4 துண்டு போதும். பிள்ளைகளுக்கு 2. பலகாரமும் தேத்தண்ணியும் மட்டும்தான் என்றால் ஒருவருக்கு 8 முதல் 10 துண்டு வரை கணக்கு வையுங்கள். எட்டு வகை செய்யத் தேவையில்லை. நாலு வகை நிறையச் செய்தால் மேசையும் நிறைவாக இருக்கும், ஆட்களும் திருப்தியாகச் சாப்பிடுவார்கள்.

1. மீன் கட்லட்

425 கிராம் ரின் மீன் (மக்கரல்) ஒன்று, உருளைக்கிழங்கு அரைக் கிலோ, பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு நெட்டு, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு, அரைத் தேசிக்காய். தோய்க்க முட்டை 2, பிரட்ட றஸ்க் தூள். சின்ன உருண்டையாக 24 வரும்.

கிழங்கைத் தோலோடு முழுசாக அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணி குடித்துவிடும். கட்லட் எண்ணெய்க்குள் உடைவது பெரும்பாலும் அதனால்தான். மீனை வடித்து, நடு முள்ளை எடுத்து உதிர்த்து வையுங்கள். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையைச் சின்னதாக அரிந்து வதக்கி, மீனையும் தூள்களையும் போட்டு, ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். அடுப்பை நிறுத்தியபின் மசித்த கிழங்கும் தேசிப்புளியும் சேருங்கள். ஆறியதும் உருட்டி, முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் பிரட்டினால் சரி.

இதை ஒரு வாரம் முதலே செய்யலாம். தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி பிரீசரில் இறுக வைத்து, பிறகு பையில் போடுங்கள். முதல்நாள் இரவு பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பனி ஒட்டியபடி எண்ணெயில் போட்டால் வெடித்துத் தெறிக்கும். எண்ணெய் 175 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்தால் 3, 4 நிமிடத்தில் பொன்னிறமாகும். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள், மேலே கொஞ்சம் எண்ணெய் பூசி ஓவனில் 200 பாகையில் 20 நிமிடம் வைக்கலாம். பொரித்த மொறுமொறுப்பு வராது. ஆனால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிகிறதாக இல்லை.

விரதக்காரருக்கும் சைவக்காரருக்கும் மீனுக்குப் பதிலாக உப்புத்தண்ணியில் வரும் ரின் பலாக்காயைக் கழுவி, பிழிந்து, உதிர்த்துப் போடுங்கள். முட்டைக்குப் பதில் தண்ணியாகக் கரைத்த கோதுமை மா. சைவக் கட்லட்டுக்கு வேறு எண்ணெய், வேறு தட்டு.

2. பற்றிஸ், ஓவனில்

கட்லட்டுக்குச் செய்த கலவையை இரண்டு மடங்காகச் செய்தால் பற்றிஸுக்கும் அதுவே போதும். மா பிசைந்து தேய்க்கிற வேலைக்குப் பதிலாக, கடையில் உறையவைத்து விற்கும் பஃப் பேஸ்ட்ரி வாங்குங்கள். சதுரமான தாள் ஒன்றை 9 துண்டாக வெட்டலாம். இரண்டு தாளுக்கு 18 பற்றிஸ். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி கலவை வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்துங்கள். அந்த அமத்துகிற வேலை நாலு வயதுப் பிள்ளைக்கென்றே கண்டுபிடித்த வேலை. மேலே முட்டை பூசி, 200 பாகையில் 20 நிமிடம். பச்சையாக மடித்ததை முதல்நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டு, ஆட்கள் வர அரை மணித்தியாலம் முதல் ஓவனில் வைக்கலாம்.

3. கடலை

நாலில் இது ஆகச் சுலபம். ரின் கொண்டைக்கடலை இரண்டை வடித்து நன்றாகக் கழுவுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, கடலையைப் பிரட்டி, மெல்லியதாகக் கீறின தேங்காய்ச் சொட்டு ஒரு பிடி போட்டு இறக்குங்கள். பத்து நிமிட வேலை. பிள்ளைகளுக்குச் செத்தல் மிளகாய் போடமுதல் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். முட்டை, பால், கோதுமை ஒன்றும் இல்லாத பலகாரம் இது. ஆருக்கு எது ஒத்துவராது என்று தெரியாத கூட்டத்தில் கைகொடுக்கும்.

4. பருத்தித்துறை வடை

தட்டை வடை என்றும் சொல்லுவார்கள். மெல்லியதாக, மொறுமொறுவென்று இருக்கும். காற்றுப்போகாத ரின்னில் பல நாள் கிடக்கும். ஆகவே இதை விருந்துக்கு முந்தின வாரக் கடைசியில் செய்யலாம். எங்கள் வீட்டுக் கணக்கு: உளுந்து 1 கப் மூன்று மணித்தியாலம் ஊறவைத்து வடித்து, பாதியைக் கரகரவென்று அரைத்து, மற்றப் பாதியை முழுசாக வைக்கிறது. கோதுமை மா 1 கப், அரிசி மா கால் கப், இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு, கொதித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணியைத் தெளித்துத் தெளித்து இறுக்கமாகக் குழைத்து, எண்ணெய் பூசின தாளில் மெல்லியதாகத் தட்டி, நடுத்தரச் சூட்டில் குமிழி அடங்கும்வரை பொரிக்கவேணும்.

இந்தக் கணக்கு என் அம்மாவிடம் இருந்தது இல்லை. அவரிடம் இருந்தது "கை பார்த்துப் போடு" என்ற ஒரு வசனம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் அள்ளின ஒவ்வொரு பிடியையும் பாத்திரத்தில் விழமுதல் தராசில் வைத்து எழுதினோம். "இதென்ன ஆஸ்பத்திரியோ?" என்று அம்மா சிரித்தார். எங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும். பிள்ளைகளுக்கு எவ்வளவு வரும் என்று தெரியாது. எண்கள் இருந்தால் அவர்கள் எந்த மொழியில் யோசித்தாலும் இந்த வடையைச் சுடலாம். அம்மம்மா, அப்பம்மா கிட்ட இருக்கிற வீடுகள் இந்த ஒரு வேலையையாவது இந்த வருஷம் செய்யுங்கள்.

அலர்ஜி: எங்கட சமையலில் ஒளிந்திருப்பவை

கச்சான் வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது வேறு சில. கடுகு, கனடாவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கட்டாயம் குறிப்பிடவேண்டிய அலர்ஜிப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவின் பட்டியலில் இல்லை. நாங்கள் யோசிக்காமல் தாளிதத்தில் போடுவது அதைத்தான். மேலே கடலையில் நான் கடுகு எழுதாதது அதனால். எள்ளு இந்த எல்லா நாடுகளிலும் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல். எள்ளுருண்டை வைத்தால் தனித் தட்டில் வையுங்கள். கடைப் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். கறித்தூள் பையின் பின்பக்கத்தையும் ஒருக்கா வாசியுங்கள். அழைப்பு அனுப்பும்போதே "பிள்ளைக்கு ஏதும் ஒத்துவராதோ?" என்று கேட்டுவிட்டால், வாசலில் வைத்துக் கேட்டு வந்தவர்களைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முழுக் கச்சான், முழுத் திராட்சை, தேங்காய்ச் சொட்டு தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். நாலு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தேங்காயைத் துருவிப் போட்டு, கடலையை நசித்துக் கொடுங்கள். பல்லுக்குத்தும் குச்சியில் குத்திய பலகாரமும் அவர்களுக்கு வேண்டாம்.

எந்த நாளில் எது?

முந்தின வாரக் கடைசி: தட்டை வடை, கட்லட் உருட்டி பிரீசரில்.

முதல்நாள்: பற்றிஸ் மடித்து பிரிட்ஜில், கட்லட் பிரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு.

அன்றைக்கு, ஆட்கள் வர ஒரு மணித்தியாலம் முதல்: கடலை தாளிப்பு, கட்லட் பொரிப்பு, கடைசியில் பற்றிஸ். பொரித்ததைப் பேப்பரில் மூடாமல், கம்பித் தட்டில் 95 பாகை ஓவனில் வைத்தால் சூடும் மொறுமொறுப்பும் நிற்கும். தாச்சியைப் பின் அடுப்பில் வையுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியத் தொடங்கமுதல் எண்ணெயை இறக்கிவிடுங்கள்.

மேசையில் வைத்த மீன், முட்டைப் பலகாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பாமல், சின்னத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

ஒரு விஷயம் மிச்சம். "நான் என்ன கொண்டுவர?" என்று கேட்பவர்களிடம் "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வாங்கோ" என்று சொல்லுவது எங்கட பழக்கம். அதை விடுங்கள். "தேத்தண்ணி உங்கட பொறுப்பு" என்று மச்சானிடம் சொல்லுங்கள். வடை தட்டை மேசைமேசையாகக் கொண்டுபோகிற வேலையை எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தட்டை நீட்டி "வடை எடுங்கோ மாமி" என்று இருபது பேரிடம் சொல்லிவிட்டு வரும் பிள்ளை, அன்றைக்கு இருபது தடவை தமிழ் கதைத்திருக்கும்.