பக்கத்து வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள்?

தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட 2023 டிசம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாவூர்சத்திரத்தில் எங்கள் தெருவிலும் விடிய விடியக் கொட்டியது. நடுச்சாமத்தில் 'பொத்'தென்று ஒரு சத்தம். தெருக்கோடி ஆச்சி வீட்டு மண்சுவர் சாய்ந்துவிட்டது!

கரண்ட் இல்லை. ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். ஆனால் எங்கே தோண்டுவது? "ஆச்சி முன்னறையிலதான படுப்பா?" என்றார் ஒருவர். "இல்ல, அடுப்பங்கரையில" என்றேன் நான். ஆச்சிக்குத் தினமும் பால் வாங்கிக் கொடுக்கும் பத்து வயதுச் சிறுமிதான், "மழைன்னா ஆச்சி பின்னறையில படுப்பாங்க" என்றாள். அங்கேதான் இருந்தாள் ஆச்சி. கால் எலும்பு முறிவோடு பிழைத்தாள்.

இருபது வருஷமாக ஒரே தெரு. எனக்குத் தெரியாதது ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! வெட்கமாக இருந்தது.

மழைக்கே இப்படி என்றால், பூமி அதிர்ந்தால்? "நம்ம ஊர்ல பூகம்பமா?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. 1900-ல் கோயம்புத்தூர் பக்கம் பலமாகவே அதிர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட பூகம்பத்தைச் சென்னைவாசிகளும் உணர்ந்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பகுதியையும் ஆபத்தில்லாத இடம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்னால், பூமி குலுங்கியது. மண் வைத்துக் கட்டிய தடித்த கல்சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. வீடுகளைச் சரிசெய்யும் அரசுத் திட்டத்தில், பிரேமா கோபாலனின் 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' அமைப்பு கிராமத்துப் பெண்களையே ஈடுபடுத்தியது. சுவரின் உட்கல்லையும் வெளிக்கல்லையும் குறுக்குக்கல் வைத்துப் பிணைக்க வேண்டும், ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டி வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாயிற்று. 2001-ல் குஜராத்தில் பூகம்பம் வந்தபோது, அந்த லாத்தூர்ப் பெண்களே அங்கே போய் மற்றப் பெண்களுக்குக் கைகொடுத்தார்கள். பட்டவர்கள் சொன்னால் மனசில் ஏறும் அல்லவா?

எங்கள் தெரு நோட்டு

பீடித்தட்டோடு திண்ணையில் கூடும் பெண்கள் நாங்கள் பேசி, ஒரு பள்ளிக்கூட நோட்டு போட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், எங்கே படுக்கிறார்கள், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை, கர்ப்பிணி உண்டா, யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதினோம். கடப்பாரை, ஏணி, டார்ச் எந்த வீட்டில் என்பதும் உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உறவினர் நம்பரையும் குறித்தோம். ஆபத்து என்றால் எல்லோரும் கூட ஒரு திறந்த இடம் முடிவு செய்தோம். 112, 108, மாவட்ட நிர்வாகத்தின் 1077 ஆகிய எண்களை அட்டையில் எழுதிப் பெரியதாக ஒட்டினோம்.

வீட்டுக்குள்ளும் வேலை உண்டு. பரண்மேல் இருக்கும் அண்டா, குண்டானைக் கீழே இறக்குங்கள். பீரோவைச் சுவரோடு பிணையுங்கள். குழந்தையின் தலைமாட்டுக்கு மேலே கனமான படம் மாட்டாதீர்கள். பூமி குலுங்கினால், கான்கிரீட் வீட்டில் கெட்டியான மேஜைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள், மாடிப்படிக்கு ஓடாதீர்கள். மண்சுவர் வீட்டில் வாசலருகே இருந்தால் உடனே வெட்டவெளிக்கு வந்துவிடுங்கள். அதிர்வு நின்றதும் கேஸ் சிலிண்டரையும் மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறுங்கள்.

உதவிப்படை வந்து சேர நேரமாகும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரிதான் படை.

போன வாரம் ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, இப்ப நான் முன்னறைக்கு வந்துட்டேன். நோட்டுல மாத்தி எழுது" என்றாள். எழுதிவிட்டேன். உங்கள் தெருவில் நோட்டு இருக்கிறதா?