கையடக்க இசைப்பான்களில் மின்கலக் கோளாறுகள்

கையடக்க இசைப்பான் என்பது பாடல்களை எங்கும் எடுத்துச் சென்று கேட்க உதவும் சிறு மின்னணுக் கருவி. ஐபாட் போன்ற பாக்கெட் கருவிகள், சாரேகாமா நிறுவனத்தின் கார்வான், பென் டிரைவும் மெமரி கார்டும் செருகிப் பாடும் சிறு எஃப்.எம். பெட்டிகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் அடிக்கடி பழுதாவது மின்கலம் (பேட்டரி) என்பது பொதுவான கருத்து. ஆயினும் "பேட்டரி போய்விட்டது" என்று ஒதுக்கப்படும் கருவிகள் பலவற்றில் குறை இருப்பது மின்கலத்தில் அல்ல. கம்பியிலோ செருகு துளையிலோ ஆகும். எனவே மின்கலத்தை மாற்றும் முன் வரிசையாகச் சோதிப்பது பணத்தை மிச்சப்படுத்தும், விபத்தையும் தவிர்க்கும்.

மின்கல வகைகள்

1979-இல் வெளிவந்த சோனி வாக்மேன் இரண்டு சிறு பேனா செல்களில் இயங்கியது. செல் தீர்ந்தால் புதியது போட்டால் போதும். இலித்தியம் அயனி மின்கலங்களை 1991-இல் சோனி வணிக அளவில் அறிமுகப்படுத்திய பின், மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கருவிகள் பரவின. இம்மின்கலங்களை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறு எஃப்.எம். பெட்டிகள் பலவற்றில் நோக்கியா கைபேசிகளால் பரவலான பி.எல்-5சி வடிவ மின்கலம் இருக்கும். இதன் இயல்பு அழுத்தம் 3.7 வோல்ட். முழுதும் ஏறியபோது 4.2 வோல்ட் அளவிலும், தீரும் நிலையில் ஏறத்தாழ 3 வோல்ட் அளவிலும் இருக்கும்.

சோதிக்கும் வரிசை

1. கம்பியும் மின்னேற்றியும்: முதலில் வேறொரு கம்பியையும் மின்னேற்றியையும் (சார்ஜர்) கொண்டு சோதிக்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் சில, இருமுனையும் டைப்-சி ஆன கம்பியில் மின்னேறாது. ஒரு முனை பழைய தட்டை யு.எஸ்.பி. ஆக உள்ள கம்பியில் ஏறும். இது பழுதன்று, துளைக்குப் பின்னுள்ள சுற்றில் உரிய மின்தடைகள் பொருத்தப்படாததன் விளைவு.

2. செருகு துளை: பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூர், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய சிற்பப் பட்டறையில் வைக்கும் பெட்டியின் துளையில் மரத்தூள் அடையும். பருத்திக் காட்டுக்கு எடுத்துச் செல்வதில் பஞ்சும் மண்ணும் அடையும். கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரக் குச்சியால் மெல்ல அகற்ற வேண்டும். ஊசி, கம்பி போன்ற உலோகங்களைப் பயன்படுத்தக் கூடாது.

3. தொடுமுனைகள்: கழற்றக்கூடிய மின்கலமாயின், அதன் பொன்னிறத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியிலுள்ள வில் முனைகள் அமுங்கிப் போயுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

4. மின்கலம்: சில மணி நேரம் மின்னேற்றி, அரை மணி நேரம் விட்டுவிட்டு மல்ட்டிமீட்டரால் அளந்தால் 4.1 வோல்ட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அளவு சரியாக இருந்தும் ஒலியைக் கூட்டியதும் கருவி அணைந்து, குறைத்தால் மீண்டும் பாடினால், மின்கலத்தின் உள்தடை கூடி அது முதுமையடைந்துவிட்டது எனக் கொள்ளலாம். பொதுவாக 300 முதல் 500 முறை முழுமையாக மின்னேற்றியபின் கொள்ளளவு வெளிப்படையாகக் குறையும்.

5. மின்னேற்றச் சுற்று: அதே வகையைச் சேர்ந்த நல்ல மின்கலத்தைப் போட்டும் மின்னேறாவிடில் குறை கருவியின் பலகையில் உள்ளது. இதைப் பழுதுபார்ப்பவரிடமே விட வேண்டும்.

நெடுநாள் பயன்படுத்தாத கருவி

பல மாதங்கள் அலமாரியில் கிடந்த கருவியின் மின்கலம் முற்றிலும் வடிந்திருக்கும். அரை மணி நேரம் மின்னேற்றினால் சில விழித்துக்கொள்ளும். விழிக்காதவற்றுக்குப் பழுதுபார்க்கும் கடைகளில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து "பூஸ்ட்" செய்வதுண்டு. அழுத்தம் மிகவும் தாழ்ந்த மின்கலத்தில் உள்ளிருக்கும் செம்பு கரைந்து, பின்னர் உட்குறுக்குச் சுற்று ஏற்படக்கூடும் என்பதால், அதை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

உப்பிய மின்கலம்

மின்கலம் தட்டையாக இல்லாமல் வயிறு போல் உப்பியிருந்தால், உள்ளே வாயு சேர்ந்துள்ளது என்று பொருள். இதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அதை மின்னேற்றவோ, அழுத்தவோ, துளையிடவோ கூடாது, தீப்பற்றக்கூடும். மரத்தூள் குவிந்த பட்டறையிலும் ஓலைக் கொட்டகையிலும் சிறு தீயும் பெருந்தீயாகும். எரியும் பொருட்களிலிருந்து விலக்கி, உலர்ந்த மணல் உள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

இந்த அபாயம் பெயர் பெற்ற நிறுவனங்களுக்கும் நேர்ந்துள்ளது. 2007 ஆகஸ்டில், மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பி.எல்-5சி மின்கலங்கள் மின்னேறும்போது அதிகம் சூடாகலாம் என அறிவித்த நோக்கியா, அவற்றை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. முதல் தலைமுறை ஐபாட் நானோவுக்கு ஆப்பிள் 2011 நவம்பரில் இதேபோன்ற மாற்றுத் திட்டத்தை அறிவித்தது.

மாற்று மின்கலம் வாங்குதல்

அழுத்தம், வடிவம், முனைகளின் அமைப்பு ஆகிய மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். அசல் பி.எல்-5சி-யின் கொள்ளளவு 1020 மில்லி ஆம்பியர் மணி. அதே பருமனுள்ள மின்கலத்தின் மேல் 3000 என்று அச்சிட்டிருந்தால் அது நம்பத்தக்கதன்று.

பராமரிப்பும் அகற்றலும்

வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். வெயிலிலும் பூட்டிய வாகனத்திலும் கருவியை விடக் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றக் கூடாது. நெடுநாள் எடுத்துவைப்பதாயின் பாதி அளவு மின்னேற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய மின்கலத்தைக் குப்பையில் போடுவதும் எரிப்பதும் தீங்கானவை. இந்திய அரசின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, கழிவு மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் சுமத்துகின்றன. முனைகளின் மேல் காப்பு நாடா ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறையாகும்.