ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும் செல்கள்

வேறு வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்லைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். அதை ஒரு தட்டில் மாதக்கணக்கில் உயிரோடும் குணம் மாறாமலும் வைத்திருப்பது கைப்பழக்கம். ஸ்டெம் செல் பயிற்சிப் படிப்புகள் இந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் வந்தன.

கலிபோர்னியாவில் 2004 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்காக 300 கோடி டாலருக்கு அரசு கடன்பத்திரம் வெளியிட மக்கள் ஒப்புதல் தந்தார்கள். பணம் வந்தது, வேலை தெரிந்த ஆள் வேண்டுமே? அந்தப் பணத்தைக் கையாளும் மாநில அமைப்பு 2009இல் ‘பிரிட்ஜஸ்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் படிப்பவர்கள் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தொழில் கற்கிறார்கள். பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் அந்த ஆய்வுக்கூட மேசையில் உட்கார வழி திறந்தது. இந்தத் திட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது? கையுறைமேல் 70 சதவீத எத்தனாலைத் தெளித்துக்கொண்டு, வடிகட்டிய காற்று வீசும் கேபினட்டுக்குள் கையை நீட்ட வேண்டும். செல்கள் இருக்கும் இடம் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடும் கொண்ட இன்குபேட்டர். தட்டில் உள்ள ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று கழிவு சேரச் சேர அமிலம் ஏறி மஞ்சளாகும். பல ஆய்வுக்கூடங்களில் அதைத் தினமும் மாற்றுகிறார்கள், ஞாயிறும் பண்டிகையும் உட்பட.

பிறகு நுண்ணோக்கி. நல்ல செல் கூட்டத்தின் ஓரம் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். உள்ளே செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கியிருக்கும். ஓரம் பிசிறடித்து, செல்கள் பெருத்துத் தட்டையானால், அவை வேறொன்றாக மாறத் தொடங்கிவிட்டன. அந்த இடத்தை மட்டும் பிப்பெட் நுனியால் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சத்தைச் சிறு கொத்துகளாகப் பிரித்துப் புதுத் தட்டில் இடும்போது கை சற்று வேகமானாலும் செல்கள் சாகும். எந்த அளவு மென்மை போதும் என்பதைப் பாடக்குறிப்பில் எழுதிவைக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும்.

கண்ணுக்குத் தப்பும் கோளாறுகளும் உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி புகுந்தால் திரவம் கலங்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். மரபணுவில் விழும் பிழையும் நுண்ணோக்கியில் தெரியாது. அந்தப் பிழை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் செல்லை நான்கு மரபணுக்கள் கொண்டு ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. அந்த வழியில் உருவான விழித்திரைப் படலத்தை 2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். இரண்டாவது நோயாளிக்காக வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்தன. புற்றுக்கு வழிவிடுமோ என்ற அச்சத்தில் அவற்றைப் பொருத்தாமலே நிறுத்திவிட்டார்கள். நோயாளி காத்திருக்கும்போது நிறுத்துவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

பிழை தெரிந்தால் அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்க்க முடிய வேண்டும். அதனால்தான் பயிற்சியின் முதல் நாளிலேயே மார்க்கர் பேனாவைக் கையில் தருகிறார்கள். செல் வரிசையின் பெயர், எத்தனையாவது முறை பிரித்தது, தேதி, பிரித்தவரின் இனிஷியல், நான்கும் தட்டின்மேல் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்தத் தட்டை நம்பி அடுத்த சோதனைக்குப் போக முடியாது. எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.