முத்திரை குத்தும் அரை நிமிடம்

வடசென்னையின் விம்கோ நகர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மெஷின் ஓடுகிறது. சிவகாசியில் தீப்பெட்டி கைத்தொழிலாக இருந்தபோது, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி (சுருக்கமாக விம்கோ) இந்த வட்டாரத்தில் அதை இயந்திரத்தில் செய்தது. 'மெஷின் வந்தால் நான் யார்?' என்பது ஆலைக்காரர்களுக்குப் பழைய கேள்வி. இப்போது அது நூலகரின் மேசைக்கும் வந்திருக்கிறது.

கிளை நூலகம் என்றாலே பலர் காதில் ஒலிப்பது 'டொக்' என்ற ரப்பர் ஸ்டாம்ப் சத்தம். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டு, ஊதா மை, பதிவேட்டில் ஒரு வரி. வேலை என்று பார்த்தால் சலிப்பானதுதான். ஆனால் அந்த அரை நிமிடத்தில்தான், "இதோட ரெண்டாம் பாகம் திரும்பி வந்துருச்சு, எடுத்து வைக்கட்டுமா?" என்ற பேச்சு நடக்கும். வாசகரின் ருசி நூலகருக்குப் பிடிபட்டது அங்கேதான்.

2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஆர்.எஃப்.ஐ.டி. என்ற ரேடியோ அலை அடையாள முறை வந்தது. புத்தகத்தில் ஒட்டிய சில்லுக்கு பேட்டரி தேவையில்லை. கருவி அனுப்பும் ரேடியோ அலையே அதை எழுப்பிவிடும். நாலைந்து புத்தகங்களை அடுக்காக வைத்தாலும், ஒன்றைக்கூடத் திறக்காமல் படித்துவிடும். மிச்சமான நேரம் லாபம். அந்த அரை நிமிடப் பேச்சும் கூடவே போனால் நஷ்டம். அதை எந்தப் பதிவேடும் காட்டாது.

'நான் யார்?' என்ற இந்த அடையாளக் குழப்பம் நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனுக்கே வந்ததுதான். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகங்களுக்கு நடுவே தனியாக உட்காரப் பிடிக்காமல், பழைய வேலையே போதும் என்று திரும்பப் பார்த்தார். லண்டன் போய் நூலகங்கள் இயங்கும் விதத்தைக் கண்ட பிறகே மனம் மாறியது. திரும்பி வந்து அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். புத்தகத்தைக் காவல் காத்தவர் வழிகாட்டியாக வேண்டியிருந்தது. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதை மெஷின் நன்றாகவே செய்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்ற மூன்றாவதை யார் செய்வது?

கிளை நூலகங்களில் இன்று இடம்பிடித்திருப்பவர்களில் பலர் புத்தகமே இரவல் வாங்குவதில்லை. போட்டித் தேர்வு கைடைப் பையில் கொண்டுவந்து படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு ஸ்டாம்பும் வேண்டாம், சில்லும் வேண்டாம். "சார், ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆக மாட்டேங்குது" என்று ஒருவர் போனை நீட்டினால், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேசையை விட்டு எழுந்து வருகிறார் நூலகர்.