டீ-ஷர்ட்டில் தேதி போடாதீங்க!

உங்க ஹாஸ்டல் அலமாரியின் அடித்தட்டை ஒரு நிமிஷம் கிளறிப் பாருங்க. எத்தனை சிம்போசியம் டீ-ஷர்ட் கிடக்கு? என்னிடம் நான்கு. மூன்றை ஆளுக்கு ஒருநாள்தான் போட்டேன். நான்காவது இப்போ வண்டி துடைக்கிற துணி. ஒன்றுகூட கிழியவில்லை, சாயம் போகவில்லை. ஆனாலும் போட முடியாது. ஏன்னா முதுகில் பெரிய எழுத்தில் போன வருஷத்து தேதி, அதுக்குக் கீழே வரிசையாக ஸ்பான்சர் லோகோக்கள்.

துணி சாகவில்லை, டிசைன் செத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

சீக்கிரமே அடுத்த சிம்போசியம் வரப்போகுது. டிசைன் டீமில் நீங்களோ உங்க ரூம்மேட்டோ கண்டிப்பா இருப்பீங்க. ஆர்டர் போகிறதுக்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

"நிலைத்த வடிவமைப்பு" என்றதும் நம்மில் பலருக்கு சணல் பை, மண் நிறம், 'நல்லது, ஆனா அழகில்லை' என்ற எண்ணம்தான் வருது. உண்மையில் நல்ல டிசைனில் ஸ்டைலும் சிக்கனமும் ஒரே முடிவிலிருந்துதான் பிறக்கும். சுவர், துணி, பை என்று மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

சுவர்: எலிப்பொறி வைத்த மனிதர்

திருவனந்தபுரம் பக்கம் போனால் உள்ளூரில் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைப் பாருங்க. லாரி பேக்கர் கட்டியவை. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். கட்டடத்துக்கான பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்ன கருத்து அவரை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

அவர் பரப்பிய முறைகளில் ஒன்று 'எலிப்பொறிக் கட்டு'. வழக்கமாக செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இதில் செங்கல்லை அதன் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவாங்க. அப்போ சுவரின் உள்ளே காற்று அடைந்த ஒரு வெற்றிடம் கிடைக்கும். அதே ஒன்பது இன்ச் சுவர்தான், ஆனால் செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், சிமென்ட் கலவையும் மிச்சம். அடைபட்ட காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் வெயில் உள்ளே வர நேரமாகும். வெளியே பூச்சு வேண்டாம், செங்கல்லின் அடுக்கே டிசைன்.

சிவில் நண்பர்களுக்கு இன்னொன்று. தளத்தில் வளைவு வரும்போது நடு அச்சுக்குக் கீழே இழுவிசை வரும் என்று படிச்சிருக்கோம். கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது, அந்த வேலையைக் கம்பிதான் செய்யும். அப்படின்னா கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பகுதியில் இருக்கிற கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கிக்கிட்டிருக்கு! பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். கான்கிரீட் குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது, அண்ணாந்து பார்த்தால் கூரையில் சிவப்பு ஓடுகளின் கோலம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒரு வரி அங்கே அழகாக மாறி நிற்குது.

நம்ம பக்கத்து ஆத்தங்குடி கல்லும் அதே கதைதான். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற தரைக்கல் அது. சூளையே கிடையாது. அதுக்காக பழையது எல்லாமே பசுமை என்று நினைச்சிடாதீங்க. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் பாடம், கப்பலில் வந்த தேக்கு பாடமல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிக்கத் தெரிவதுதான் இன்ஜினியர் வேலை.

துணி: நிறத்துக்கு ஒரு நதி

ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் நமக்கு நெருக்கமான கதை சாயத்தில் இருக்கு.

நம்ம டீ-ஷர்ட்டுகளில் பெரும்பாலானவை திருப்பூர்ச் சரக்கு. அங்கே ஓடும் நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை உப்பும் சாயமும் நிறைந்த குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை வந்தது.

அதன் பிறகு அங்கே நடப்பது முழுக்க கெமிக்கல், மெக்கானிக்கல் வேலை. முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிப்பு, அப்புறம் எதிர் சவ்வூடு பரவல், மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைப்பது. பெரும்பகுதி தண்ணீர் மறுபடி பட்டறைக்கே போகும், உப்பையும் மீட்டுப் பயன்படுத்துவாங்க. கரண்ட் செலவு அதிகம், கடைசியில் மிஞ்சும் கசடு இன்றும் தலைவலி.

இதில் நமக்கு என்ன? ஒன்று இருக்கு. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக அடர்த்தியாக சாயமும் அதிகம், உப்பும் அதிகம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யும் நிறம் எது? கறுப்பு!

வெட்டும்போது வீணாகும் துணி இன்னொரு பக்கம். கழுத்து, கை வளைவுக்காக வெட்டிய துண்டுகள் எல்லாம் கழிவு. ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகே 1990களின் கடைசியில் இதற்கு ஒரு வழி காட்டினார். குழாய் போலப் பின்னி வரும் துணிக்குள்ளேயே ஆடையின் வடிவமும் இருக்கும், வாங்குபவர் கோட்டின் மேல் வெட்டினால் போதும். அவர் கணினியும் எந்திரமும் வைத்துத் தேடிய 'வெட்டாத துணி'யை நம்ம பாட்டி தினமும் மடிப்பு வைத்துக் கட்டினாங்க. சேலைக்கும் வேட்டிக்கும் அளவு பிரச்சினையே கிடையாது. உடம்பு மாறினாலும் துணி அப்படியே இருக்கும். அம்மா சேலையை மகள் கட்டலாம்.

பை: எத்தனை முறை என்பதே கேள்வி

1993இல் சூரிச்சில் மார்க்கஸ், டேனியல் ஃப்ரைடாக் என்ற இரண்டு சகோதரர்கள், மழைக்குத் தாங்கும் பை வேண்டும் என்று லாரியின் பழைய தார்ப்பாயை வெட்டி ஒன்று தைத்தார்கள். தோள்பட்டை காரின் சீட் பெல்ட், விளிம்பு சைக்கிள் ட்யூப். லாரியின் எழுத்து எங்கே விழுகிறதோ அதுதான் டிசைன் என்பதால் ஒரு பை மாதிரி இன்னொன்று இருக்காது. பழசு என்பதே அங்கே ஸ்டைல்.

நம்ம ஊரில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நல்ல விஷயம்தான், ஆனால் கணக்கு தெரிஞ்சிருக்கணும். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே, சாதாரண பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையை வெல்லும். வேறு பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு. அப்போ ஒவ்வொரு செமினாரிலும் ஒரு துணிப்பை கொடுப்பது பசுமையா? வீட்டில் ஏற்கெனவே பத்து பை இருந்தால், பதினொன்றாவது பை வெறும் கழிவுதான்.

இனி உங்க முறை

மூன்றிலும் ஒரே சூத்திரம்தான் ஓடுது: தேவையில்லாததை எடுத்துவிடு, மிஞ்சியதை அழகாக்கு, நீண்ட நாள் உழைக்கவிடு. டிசைன் டீமுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான்:

1. தேதியும் வருடமும் வேண்டாம். டிபார்ட்மென்ட் பெயரோ, ஒரு நல்ல கோட்டோவியமோ போதும். பேனரிலும் அப்படியே. துணி பேனர் அடித்து, தேதியை மட்டும் தனித் துண்டில் ஒட்டினால் அடுத்த வருடமும் அதையே கட்டலாம்.
2. ஸ்பான்சர் லோகோக்களை மேடைத் திரையில் காட்டலாம், முதுகில் வேண்டாம்.
3. வெளிர் நிறம் எடுங்க. சென்னை வெயிலுக்கும் அதுதான் சுகம்.
4. எல்லோருக்கும் கட்டாயம் வேண்டாம். யாருக்கு வேண்டும் என்று கேட்டு எண்ணிக்கை சொல்லுங்க.
5. மிச்சமாகும் காசில் துணியின் தரத்தை ஒருபடி ஏற்றுங்க.

ஒரு டீ-ஷர்ட்டால் உலகம் மாறிவிடாதுதான். ஆனால் நாளைக்கு நம்மில் ஒருவர் கட்டடத்துக்கு வரைபடம் போடுவோம், ஒருவர் சாய ஆலையின் குழாயை வடிவமைப்போம், ஒருவர் போனின் பேட்டரியைக் கழற்ற முடியுமா முடியாதா என்று முடிவு செய்வோம். அன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது எத்தனை நாள் வாழும்?

அதுக்கு ஒத்திகையாக, இந்த வருஷம் முதுகில் இருக்கிற அந்த நான்கு இலக்கத்தை அழிச்சிடுங்க. நான்கு வருஷம் கழிச்சு, வேலைக்குப் போன ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்க அதைப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போனால், நம்ம டிசைன் பாஸ்!